யெரெவான் 1915-ஐ நினைவில் வைத்த விதம்

யெரெவான் நகரில் 1915-ஆம் ஆண்டு படுகொலை எதுவும் நடக்கவில்லை. ரஷ்யப் பேரரசின் தெற்கு ஓரத்தில் கிடந்த சிறு நகரம் அது. 1897 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை மொத்தமே 29,000. ஆர்மேனியர்களும், அன்றைய ரஷ்ய ஆவணங்கள் தாத்தார் என்று குறித்த அஸர்பைஜானி முஸ்லிம்களும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் அங்கே இருந்தார்கள். கொலைகள் நடந்ததெல்லாம் எல்லைக்கு அப்பால்: ஒட்டோமான் பேரரசின் எர்ஸுரும், சிவாஸ், ஹார்பூத், பித்லிஸ், தியார்பக்கீர் மாகாணங்களில், அவற்றுக்குத் தெற்கே சிரியப் பாலைவனத்தில். ஆனால் இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 24 அன்று பெருங்கூட்டம் பூக்களோடு நடந்து ஏறுவது யெரெவானின் சிட்செர்னகாபெர்ட் குன்றில்தான். குற்றம் நடக்காத ஊர் அந்தக் குற்றத்தின் நினைவுக்குத் தலைநகரானது எப்படி? இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்வார்கள். சோவியத் அரசு தன் வசதிக்காக நினைவுச்சின்னம் எழுப்பிக் கொடுத்தது என்பது ஒன்று. 1965-இல் மக்கள் தெருவில் இறங்கி அதை அரசிடமிருந்து பறித்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே கதையை மிகத் தாமதமாகத் தொடங்குகின்றன. நினைவுச்சின்னத்துக்கு 40 ஆண்டுகள் முன்பே அகதிகளின் குடியிருப்புகளில் அந்த நினைவு வேர்விட்டிருந்தது. அரசு செய்ததும் தெரு செய்ததும், ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு முகவரி கொடுத்ததுதான். இந்த வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அந்த நினைவின் வலிமையும் அதன் குறைகளும் விளங்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1915 ஏப்ரல் 24 இரவு, உள்துறை அமைச்சர் தலாத் பாஷாவின் ஆணைப்படி கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மேனிய எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், சமூகத் தலைவர்கள் என 200-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டு அனடோலியாவின் உள்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்பிய சிலரில் ஒருவர் இசையறிஞர் கோமிட்டாஸ். மனம் கலங்கிய அவர் மீளவே இல்லை, 1935-இல் பாரிஸில் இறந்தார். மே மாத இறுதியில் நாடுகடத்தலுக்கான தற்காலிகச் சட்டம் வந்தது. ஊர் ஊராக ஆண்களைப் பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் டெய்ர் எஸ்-ஸோர், ராஸ் அல்-அய்ன் நோக்கி நடத்திச் சென்றார்கள். பசியிலும் நோயிலும் வாளிலும் வழிநெடுக மடிந்தார்கள். இறந்தவர்கள் 10 லட்சம் அளவில் இருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஆர்மேனியர்கள் 15 லட்சம் என்கிறார்கள். வான் நகரத்திலும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள் மட்டும் ரஷ்யப் படையோடு சேர்ந்து வடகிழக்கே பின்வாங்கினார்கள். அப்படி லட்சக்கணக்கில் காக்கசஸுக்குள் வந்தவர்களில் ஒரு பெரும்பகுதி எச்மியாட்ஸின் மடத்தின் சுவர்களுக்கு வெளியிலும் யெரெவான் தெருக்களிலும் தங்கி, தொற்றுநோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. யெரெவானுக்கு 1915 வந்து சேர்ந்தது செய்தியாக அல்ல; பிழைத்து வந்த மனிதர்களாக.

1918-இல் யெரெவான் சுதந்திர ஆர்மேனியாவின் தலைநகரானது. 1920 இறுதியில் போல்ஷெவிக் ஆட்சி வந்தது. 1924-இல் கட்டடக் கலைஞர் அலெக்சாந்தர் தமானியானின் நகரத் திட்டம் ஒப்புதல் பெற்றது. வட்டச் சாலைகளும் அகலமான சதுக்கமும் இளஞ்சிவப்புத் தூஃப் கல் கட்டடங்களும் கொண்ட அந்த மைய நகரத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதே காலத்தில் அதைச் சுற்றி வேறொரு நகரம் எழுந்தது. 1925-இல் மேட்டுநிலத்தில் நோர் அரப்கீர் தொடங்கியது. தொடர்ந்து நோர் மலாத்தியா, நோர் செபாஸ்தியா, நோர் ஸெய்தூன், நோர் மராஷ் என்று குடியிருப்புகள் வந்தன. நோர் என்றால் புதிய. அதற்கு அடுத்து வருவதெல்லாம் அவர்கள் இழந்த ஊர்கள். செபாஸ்தியா என்பது இன்றைய சிவாஸ். ஸெய்தூன் மலையூர், 1915 வசந்தத்தில் முதலில் காலிசெய்யப்பட்ட ஊர்களில் ஒன்று. இவற்றுக்குக் காசு வந்த வழியையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் சிதறியிருந்த அந்தந்த ஊர்க்காரர்கள் ஊர்ச் சங்கம் வைத்து நிதி திரட்டி அனுப்பினார்கள். ஆகவே ஒரு குடியிருப்பு என்பது கூரை மட்டுமல்ல. ஒரே ஊரின் மிச்சம் மீதிகள் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரே பேச்சுவழக்கில் சண்டையிட்டார்கள். ஒரே சமையலைச் செய்தார்கள். யார் வீட்டில் யார் பிழைத்தார் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தப் பெயர்களை எந்த அதிகாரியும் துக்கத்தின் பெயர்களாகப் பதிவு செய்யவில்லை. புதிய சோசலிசக் குடியிருப்புகளாகவே கணக்கில் ஏறின. பெயர்கள் இன்றும் மாநகர வட்டாரப் பெயர்களாக நிற்கின்றன: அரப்கீர், மலாத்தியா-செபாஸ்தியா, கனக்கெர்-ஸெய்தூன், நோர்க்-மராஷ்.

ஸ்தாலின் காலத்தில் இந்த நினைவைப் பொதுவில் பேச இடமில்லை. சோவியத் அரசுக்கு 1920-களில் கெமாலியத் துருக்கி நட்பு நாடு. 1921 கார்ஸ் ஒப்பந்தம் எல்லையை முடிவு செய்திருந்தது. இழந்த ஊரைப் பற்றிப் பேசுவது குறுகிய தேசியவாதம் என்று குற்றமானது. 1930-களின் பிற்பகுதியில் நடந்த களையெடுப்பு, அந்த நினைவை எழுத்தில் வைத்திருந்தவர்களையே கொண்டுபோனது. கார்ஸில் வளர்ந்த கவிஞர் யெகிஷே சாரென்ட்ஸ் 1937-இல் சிறையில் இறந்தார். ஹார்பூத் பக்கத்தைச் சேர்ந்த வஹான் தோதோவென்ட்ஸ் சுடப்பட்டார். வானில் பிறந்து அகதியாக வந்த குர்கென் மஹாரி சைபீரியாவுக்குப் போனார். போர் முடிந்ததும் காற்று சற்றே திசை மாறியது. ஸ்தாலின் கார்ஸையும் அர்தகானையும் துருக்கியிடம் கேட்டார். 1946 முதல் 1948 வரை சிரியா, லெபனான், கிரீஸ், ஈரான், எகிப்து, பிரான்ஸ் நாடுகளிலிருந்து ஏறத்தாழ 90,000 ஆர்மேனியர்கள் தாயகம் என்று நம்பி வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் பலர் அனாதை இல்லங்களில் வளர்ந்தவர்கள், பாலைவன நடையில் தப்பியவர்களின் பிள்ளைகள். அவர்களும் இதே குடியிருப்புகளில்தான் சேர்ந்தார்கள். 1949 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவில் எழுப்பப்பட்டு அல்தாய்க்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டாம் முறை நாடுகடத்தப்பட்டவர்களுக்கு, முதல் நாடுகடத்தலைப் பற்றி வாய்திறக்க எவ்வளவு துணிச்சல் இருந்திருக்கும்?

அப்படியானால் அந்த நினைவு இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. அலெக்சாந்திரியாவில் பிறந்து 1947-இல் குடும்பத்தோடு யெரெவானுக்கு வந்தவர் வெர்ழினே ஸ்வாஸ்லியான். 1955-இல் மாணவியாக இருந்தபோது, தானாகவே, யாரும் பணிக்காமல், பிழைத்தவர்கள் வாழ்ந்த குடியிருப்புகளுக்கு நடந்து போய் அவர்கள் சொன்னதை எழுதிக்கொள்ளத் தொடங்கினார். அப்போது அது ஆய்வுத் தலைப்பாக எங்கும் கிடையாது. பல பத்தாண்டுகளில் அவர் தொகுத்தது 700 அளவிலான வாக்குமூலங்களும் பாடல்களும். ஆர்மேனியா சுதந்திரம் பெற்ற பிறகே பெருநூல்களாக வந்தன. அதில் ஒரு விஷயம் வியக்க வைப்பது: பிழைத்தவர்களில் பலர் டெய்ர் எஸ்-ஸோர் பற்றிய பாடல்களைத் துருக்கி மொழியில் பாடினார்கள். சிலிசியாவிலும் அனடோலியாவின் பல ஊர்களிலும் ஆர்மேனியர்களின் வீட்டுமொழியே துருக்கிதான். தங்களைக் கொல்ல ஆணையிட்ட அரசின் மொழியிலேயே அவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். எந்த அரசும், எந்தப் பிரச்சாரத் துறையும் திட்டமிட்டு உருவாக்கும் நினைவு இப்படி இருக்காது. அது கொள்கைக்கு ஒத்துவராத விவரங்களைத் துடைத்துவிட்டே வெளியே வரும். பாட்டிகளின் வாயில் துடைக்கப்படாமல் கிடந்தது.

ஸ்தாலின் இறந்த பிறகு இறுக்கம் தளர்ந்தது. 1953 மே மாதம் மாஸ்கோ துருக்கியிடம் கேட்ட நிலங்களைக் கைவிட்டது. ஆனால் உள்நாட்டில் பேசக்கூடியவற்றின் எல்லை விரிந்தது. பருயிர் செவக் கோமிட்டாஸின் வாழ்வை முன்வைத்து எழுதிய 'ஓயாத மணிக்கூண்டு' என்ற நெடுங்கவிதை 1959-இல் வந்தது. ஓர் இசையறிஞரின் வாழ்க்கை வரலாறு என்ற போர்வையில் 1915 அச்சேறியது. 1964-இல் ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோது, வரலாற்றாசிரியர்கள் த்ஸாதூர் அகாயான், ஹொவ்ஹான்னெஸ் இஞ்சிக்யான், ஜான் கிராகோஸ்யான் மூவரும் ஆர்மேனியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். கட்சியின் முதல் செயலாளர் யாகொவ் ஸரோப்யானும் அமைச்சரவைத் தலைவர் அந்தோன் கொச்சின்யானும் அதை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றார்கள். ஸரோப்யான் பிறந்த அர்த்வின் இன்று துருக்கியில் இருக்கிறது. அவர் குடும்பமும் ஊர் விட்டு வந்த குடும்பம். கடிதத்தின் சொற்கள் கணக்குப் போட்டு எழுதப்பட்டவை. முதல் உலகப் போரில் மடிந்த ஆர்மேனியத் தியாகிகளுக்கு நினைவுச்சின்னம். அது மக்களின் மறுபிறப்பைக் காட்ட வேண்டும். மறுபிறப்பு சோவியத் ஆட்சியால் வந்தது. மாஸ்கோ தலையசைத்தது. 1965 மார்ச்சில் ஆர்மேனிய அமைச்சரவை நினைவுச்சின்னம் கட்ட முடிவெடுத்தது. இந்தத் தேதி முக்கியம். மக்கள் தெருவில் இறங்கியதற்கு ஒரு மாதம் முன்பே முடிவு ஆகிவிட்டது. போராட்டம்தான் நினைவுச்சின்னத்தைப் பெற்றுத் தந்தது என்று பலர் சொல்வது தேதிவரிசைக்கு ஒத்துவராது.

ஆனால் முடிவு வேறு, அதன் பொருள் வேறு. அதிகாரிகள் நினைத்தது மண்டபத்துக்குள் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கூடும் ஒரு கூட்டம். ஏப்ரல் 24 சனிக்கிழமை. காலையிலிருந்தே மாணவர்கள் திரண்டார்கள், தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். ஒரு லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1959 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகையே 5 லட்சம்தான். லெனின் சதுக்கத்திலிருந்து கூட்டம் நகர்ந்தது. ஒரு பகுதி கோமிட்டாஸின் கல்லறைக்குப் போனது. எங்கள் நிலங்கள், எங்கள் நிலங்கள் என்று முழங்கினார்கள். செவக், சில்வா கபுதிக்யான் ஆகிய கவிஞர்கள் கூட்டத்தில் பேசினார்கள். மாலையில் ஓபரா அரங்கத்துக்குள் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்க, வெளியே நின்ற கூட்டம் உள்ளே நுழைய முயன்றது. ஜன்னல்கள் மீது கல் விழுந்தது. ஆர்மேனியத் திருச்சபையின் தலைவர் கத்தோலிக்கோஸ் முதலாம் வாஸ்கென் அமைதிப்படுத்திப் பார்த்தார். கடைசியில் தீயணைப்புக் குழாய்களால் தண்ணீர் அடித்துத்தான் கூட்டத்தைக் கலைத்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் அனுமதியில்லாத இத்தனை பெரிய கூட்டம் அதுவரை அரிது. ஆனால் துப்பாக்கி எழவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்கில் போராடிய தொழிலாளர்களைச் சுட்டது போல இங்கே நடக்கவில்லை. ஸரோப்யான் 1966 தொடக்கத்தில் பதவியிழந்தார். அன்று கூடியவர்களில் இளைஞர்களே மிகுதி. அவர்கள் 1915-ஐப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் அல்லர்; பாடத்தில் அது இல்லை. வீட்டில் கேட்டவர்கள். குடியிருப்பில் இருந்தது அன்று சதுக்கத்துக்கு வந்தது.

நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர்கள் ஆர்தர் தர்கான்யான், சாஷூர் கலாஷ்யான் என்ற இரண்டு இளம் கட்டடக் கலைஞர்கள். வானை நோக்கி ஒடுங்கிச் செல்லும் 44 மீட்டர் தூண் ஒன்று. அதை நீளவாக்கில் ஒரு பிளவு இரண்டாக்குகிறது. அருகில் 12 பெரிய கற்பாளங்கள் வட்டமாக நின்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. நடுவில், தரைமட்டத்துக்குக் கீழே, அணையா நெருப்பு. நெருப்பை அடையச் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். தடுமாறாமல் இருக்கக் கண்ணைக் காலடியில் வைத்துத்தான் இறங்க முடியும். யாரும் சொல்லாமலே தலை குனிந்துவிடும். 12 பாளங்கள் இழந்த 12 மாகாணங்கள் என்று மக்கள் பொருள் சொல்கிறார்கள். சிலுவை இல்லை, கும்பிடும் உருவம் இல்லை, பிணங்களின் சிற்பம் இல்லை. சோவியத் காலத்து நினைவிடங்களில் வழக்கமான, வாள் ஏந்திய வீரனும் இல்லை. 100 மீட்டர் நீளச் சுவர் ஒன்றில் அழிந்த ஊர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஊர்ச் சங்கங்கள் குடியிருப்புகளுக்கு வைத்த அதே பெயர்கள், இம்முறை 'நோர்' இல்லாமல். திறப்பு விழாவுக்கு அரசு தேர்ந்தெடுத்த நாள் 1967 நவம்பர் 29, சோவியத் ஆர்மேனியா நிறுவப்பட்ட நாள். மறுபிறப்பு விழாவாகவே அது நடந்தது. மக்கள் அந்த நாளை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஏப்ரல் 24 அன்று ஏறினார்கள், அடுத்த ஆண்டும் ஏறினார்கள். நெருப்பைச் சுற்றி அவர்கள் வைக்கும் பூக்கள் மாலைக்குள் ஆளுயரச் சுவராகிவிடும். அண்மைக் காலத்தில் தொண்டர்கள் அந்தப் பூக்களைப் பிறகு சேகரித்து, இதழ்களைப் பிரித்துக் காகிதம் செய்கிறார்கள், தண்டுகள் எருவாகின்றன. ஏப்ரல் 24-ஐ அரசு சட்டப்படி நினைவு நாளாக அறிவித்தது 1988 நவம்பரில்தான். நடைமுறைக்கு வந்து 20 ஆண்டுகள் கழித்தே சட்டம் வந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். துருக்கி நேட்டோ உறுப்பு நாடு. அதைக் குத்திக்காட்ட மாஸ்கோ பயன்படுத்திய கருவிதானே இந்த நினைவுச்சின்னம்? பனிப்போரை அறிந்தவருக்கு இயல்பாகத் தோன்றும் சந்தேகம்தான். ஆனால் ஆண்டைப் பார்த்தால் அது நிற்காது. 1965 மாஸ்கோ அங்காராவோடு உறவைச் சீர்செய்யத் தீவிரமாக முயன்ற ஆண்டு. யெரெவான் தெருக்களில் நிலம் கேட்டு முழக்கம் எழுந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மே மாதம், வெளியுறவு அமைச்சர் கிரோமிக்கோ அங்காராவில் இருந்தார். எங்கள் நிலங்கள் என்ற முழக்கம் அவருக்கு உதவியிருக்காது. நினைவுச்சின்னம் மாஸ்கோவின் வெளியுறவுக் கொள்கைக்கு இடைஞ்சல். உள்நாட்டு அமைதிக்காக அது கொடுத்த விலை. யெரெவானில் இருந்த கட்சிக்காரர்கள் அந்த விலையை மிகக் குறைத்துக் காட்டினார்கள். அதனால்தான் சொற்களில் அவ்வளவு எச்சரிக்கை. அதற்காக அவர்களை வெறும் அடியாட்களாகவும் பார்க்க முடியாது. தெருவின் வேகத்துக்குக் கல்லையும் நிலத்தையும் பட்ஜெட்டையும் பெற்றுத் தந்தது அவர்களுடைய கோப்புகள்தான். குடியிருப்பின் நினைவு தனியாக இருந்திருந்தால், கடைசிப் பாட்டியோடு அது கரைந்திருக்கலாம். கோப்பு மட்டும் இருந்திருந்தால், நவம்பர் 29 விழாவோடு சரி.

இரண்டாவது மறுப்பு இப்போது புதிதாக வந்திருக்கிறது, அதுவும் யெரெவானுக்குள்ளிருந்தே. 2025 ஜனவரியில் பிரதமர் நிகோல் பஷின்யான், 1939-இல் இனப்படுகொலை என்ற கோரிக்கை ஏன் இல்லை, 1950-இல் அது எப்படி வந்தது என்ற பொருளில் ஒரு கேள்வியை எழுப்பினார். அண்டை நாடுகளோடு சமாதானம் தேடும் ஓர் அரசுத் தலைவர் இதைக் கேட்டதன் அரசியல் புரிகிறது. கேள்வியில் உண்மையும் ஒரு பங்கு உண்டு: வெளிநாடுகளின் அங்கீகாரம் கேட்கும் இயக்கம் பிற்காலத்தது. இனப்படுகொலை என்ற சட்டக் கருத்தே ரஃபேல் லெம்கின் 1944-இல் வகுத்தது, ஐ.நா. உடன்படிக்கை 1948. தலாத் பாஷாவை 1921-இல் பெர்லினில் சுட்ட சொகொமோன் தெஹ்லிரியானின் வழக்கும் தன் சிந்தனையைத் தூண்டியதாக லெம்கினே எழுதியிருக்கிறார். ஆனால் அங்கீகாரக் கோரிக்கையின் வயதும் நினைவின் வயதும் ஒன்றல்ல. ஏப்ரல் 24-ஐ முதன்முதலாக நினைவு நாளாகக் கடைப்பிடித்தது 1919-இல், கான்ஸ்டான்டிநோபிளில், பிழைத்துத் திரும்பியவர்களே. 1925-இல் நோர் அரப்கீருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு மாஸ்கோ எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. 1939-இல் கோரிக்கை இல்லாததற்குக் காரணம், அதைக் கேட்டிருக்கக்கூடியவர்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் சுடப்பட்டதோ சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டதோதான்.

மூன்றாவது, துருக்கி அரசின் நெடுநாள் வாதம். போர்க்காலத்தில் ரஷ்யாவோடு சேர்ந்த கிளர்ச்சியாளர்களை இடம் மாற்றினோம்; இரு பக்கமும் சாவு; அழிக்கும் நோக்கம் கிடையாது என்கிறது அது. ஆர்மேனியத் தன்னார்வப் படைகள் ரஷ்யப் பக்கம் இருந்தன, வான் நகரத்தில் ஆர்மேனியர் ஆயுதம் எடுத்தார்கள், போரில் முஸ்லிம் பொதுமக்களும் பெருமளவில் இறந்தார்கள். இவையெல்லாம் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போர்முனைக்கும் அங்காரா, புர்ஸா, கோன்யா நகரங்களுக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். அங்கிருந்தும் குடும்பங்களை அனுப்பினார்கள். ஒட்டோமான் அரசின் கூட்டாளியான ஜெர்மனியின் தூதர் வாங்கன்ஹைம், 1915 ஜூலையிலேயே, ஆர்மேனிய இனத்தை அழிப்பதே அரசின் நோக்கம் என்று பெர்லினுக்கு எழுதினார். எதிரி நாட்டுப் பிரச்சாரம் என்று அதைத் தள்ள முடியாது. போருக்குப் பின் ஒட்டோமான் இராணுவ நீதிமன்றமே, போர்க்கால அரசை நடத்திய தலாத், என்வர், ஜெமால் மூவருக்கும் அவர்கள் இல்லாமலே மரணதண்டனை விதித்தது. யோஸ்காத் படுகொலைக்காக போகாஸ்லியன் மாவட்ட அதிகாரி மெஹ்மத் கெமாலைத் தூக்கிலிட்டது. அந்த நீதிமன்றம் வென்ற நாடுகளின் நெருக்கடியில் கூடியது என்பார்கள். கூடியது நெருக்கடியில்தான், ஆனால் சாட்சி சொன்னவர்களில் ஒட்டோமான் அதிகாரிகளும் இருந்தார்கள்.

இந்த மறுப்புகளைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. கீழிருந்து வரும் நினைவு தூய்மையானது என்று இதுவரை சொன்னதிலிருந்து யாராவது முடிவு செய்தால் அது தவறு. சைபீரியாவிலிருந்து திரும்பிய குர்கென் மஹாரி, தான் பிறந்த வானைப் பற்றி 'எரியும் தோட்டங்கள்' என்ற நாவலை 1966-இல் வெளியிட்டார். ஆர்மேனியப் புரட்சிக் கட்சித் தலைவர்களை அவர் கேலி செய்திருந்தார். துருக்கியர்களையும் மனிதர்களாகக் காட்டியிருந்தார். நினைவுச்சின்னம் எழுந்துகொண்டிருந்த அதே நகரத்தில் வாசகர்கள் அந்தப் புத்தகத்தைத் தெருவில் எரித்தார்கள். தணிக்கை அதிகாரிகள் எரிக்கவில்லை, மக்கள் எரித்தார்கள். மஹாரி நாவலைத் திருத்தி எழுத உட்கார்ந்தார், 1969-இல் இறந்தார். இன்னும் பெரிய இழப்பு 1988-இல் வந்தது. பிப்ரவரியில் அஸர்பைஜானின் சும்கயித் நகரில் ஆர்மேனியர்கள் கொல்லப்பட்டபோது, யெரெவான் அதை 1915-இன் தொடர்ச்சியாகவே படித்தது. அதன் பலியானவர்களுக்கு சிட்செர்னகாபெர்ட்டிலேயே சிலுவைக்கற்கள் வைத்தது. பயம் நியாயமானது, ஆனால் அஸர்பைஜானிகளையும் ஒட்டோமான் அரசையும் ஒன்றாக்கிய பார்வை நியாயமானதல்ல. 1979 கணக்கெடுப்பில் ஆர்மேனியாவில் 1,60,000 அஸர்பைஜானிகள் இருந்தார்கள். 1989 முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ அனைவரும் விரட்டப்பட்டோ பயந்தோ போய்விட்டார்கள். அந்தப் பக்கமிருந்து ஆர்மேனியர்களும் அவ்வாறே ஓடி வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டு நீல மசூதி ஈரானின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு, பாரசீக மசூதி என்ற பெயரில் நிற்கிறது. வர்தானந்த்ஸ் தெருவுக்கு அருகே இருந்த சிறு மசூதி 1990-இல் இடிக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்தில் சம எண்ணிக்கையில் இருந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அப்படியானால் நினைவுகூர்வதே வெறுப்பை வளர்க்கிறது, விட்டுவிடலாம் என்பார்கள் சிலர். ஆதாரம் அதைச் சொல்லவில்லை. 1988-இன் தீங்குக்குக் காரணம் நினைவு மிகுந்தது அல்ல. பேச விடாமல் அடக்கியதால் அது விவாதத்துக்குள் வராமல், ஒரே உருவில் உறைந்து கிடந்தது. ஸ்வாஸ்லியான் கேட்ட துருக்கிமொழி ஒப்பாரிகளும் மஹாரியின் துருக்கிப் பாத்திரங்களும் பொதுவெளியில் புழங்கியிருந்தால், கொன்ற அரசையும் பக்கத்து வீட்டுக்காரரையும் பிரித்தறியும் பழக்கம் நகரத்துக்கு வந்திருக்கும். குன்றின் மேலேயே அதற்கு இடம் உண்டு. சுவரின் பின்புறம், படுகொலைக்குச் சாட்சி சொன்ன வெளியாரின் கல்லறை மண் வைக்கப்பட்டுள்ளது: ஜெர்மானியர்களான ஆர்மின் வெக்னர், யொஹான்னெஸ் லெப்சியுஸ் ஆகியோரோடு, அரபு முஸ்லிமான வழக்கறிஞர் ஃபாயெஸ் அல்-குஸைனும் அதில் உண்டு. நாடுகடத்தலை எதிர்த்த அலெப்போ ஆளுநர் ஜெலால் பே போன்ற ஒட்டோமான் அதிகாரிகளையும் நகரம் அறிந்தாக வேண்டும். 2008-இல் ஜெமால் பாஷாவின் பேரனும் துருக்கிப் பத்திரிகையாளருமான ஹசன் ஜெமால் இதே நெருப்பின் முன் பூ வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து இனப்படுகொலை என்றே தலைப்பிட்டுப் புத்தகம் எழுதினார். ஏப்ரல் 23 இரவு தீப்பந்த ஊர்வலத்தில் துருக்கிக் கொடியை எரிக்கும் இளைஞர்கள் இதே நினைவின் பெயரில்தான் எரிக்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்பது நினைவு தானாக முடிவு செய்யும் விஷயமல்ல. நகரம் தேர்ந்தெடுக்க வேண்டியது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் தேர்வு பெரும்பாலும் அரசின் கைக்குப் போனது. 1995-இல் அருங்காட்சியகம் வந்தது. வெளிநாட்டுத் தலைவர்கள் மரம் நடும் சடங்கு வந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று திருச்சபை, பலியான அனைவரையும் புனிதர்களாக அறிவித்தது. புனிதரானவர்களுக்காக யாரும் வேண்டுவதில்லை, அவர்களிடம்தான் வேண்டுவார்கள். துக்கம் வழிபாடாக உயர்ந்தபோது கேள்வி கேட்கும் இடம் இன்னும் சுருங்கியது. இப்போது வேறொரு அரசு, வேறு தேவையோடு, குரலைத் தாழ்த்தப் பார்க்கிறது. இரண்டு போக்குகளையும் 1920-களிலிருந்து படித்துவந்தால் ஒன்று தெளிவாகிறது: குன்றின் மேல் பேசப்படும் சொற்களை அரசு மாற்ற முடியும்; நினைவை உண்டாக்கவோ ஒழிக்கவோ அதனால் முடிந்ததே இல்லை. 2023 செப்டம்பரில் நகோர்னோ-கராபாக்கிலிருந்து ஒரே வாரத்தில் 1,00,000-க்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் வெளியேறி ஆர்மேனியாவுக்குள் வந்தார்கள். பலர் யெரெவானிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். அந்த இழப்பைப் பற்றி 50 ஆண்டுகள் கழித்து நகரம் என்ன நினைக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அரசின் அறிக்கைகளைத் தேட வேண்டியதில்லை. அந்த வாடகை வீடுகளில் இப்போது பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்படுகிறது, அதில் ஷுஷியிலும் அக்தாமிலும் முன்பு வாழ்ந்து ஊரிழந்த அஸர்பைஜானிகளுக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்டால் போதும். யெரெவான் 1915-ஐ உலகம் மறக்காமல் பார்த்துக்கொண்டது பெரும் சாதனை. தன் தெருக்களில் வாழ்ந்து போன மற்றவர்களையும் அதே கவனத்தோடு எண்ணத் தொடங்கும்போதுதான் அந்தச் சாதனை முழுமையாகும்.